இல்லினாய்ஸ் 13வது செனட் தொகுதி: ஒபாமா உக்காந்த சீட்டுக்கு யார் யார் எப்படி வந்தாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த தொகுதி, எங்க இருக்கு?

அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலம், அதுல சிகாகோ நகரம், அந்த நகரத்தோட தெக்குப் பக்கம் மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி இருக்குற பகுதி. ஹைட் பார்க், கென்வுட், சவுத் ஷோர்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அதெல்லாம் இந்த தொகுதியோட சேர்த்தே பேசப்படுற இடங்க. சிகாகோ யுனிவர்சிட்டி இருக்கறது ஹைட் பார்க்ல தான். கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்து அரசியல் பண்ணி வளர்ந்த மண்ணு இது. பராக் ஒபாமா முதல் முதலா ஜெயிச்ச பதவி இந்த சீட்டு தான், அதனால தான் இதைப் பத்தி இவ்ளோ பேர் கேக்கறாங்க. ஆனா ஒபாமாவோட கதையை மட்டும் பாத்துட்டு போயிட்டா இந்த தொகுதில நிஜமா என்ன நடந்துச்சுன்னு தெரியாம போயிடும். அவருக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்தவங்களை சேர்த்து பாக்கணும்.

மாநில செனட்டர்னா வாஷிங்டன்ல உக்கார்ற செனட்டரா?

இல்லைங்க, இதுல தான் நிறைய பேருக்கு குழப்பம். ஒபாமா ரெண்டு செனட்லயும் இருந்திருக்காரு. 1997 ஜனவரில இருந்து 2004 நவம்பர் வரைக்கும் மாநில செனட்டர், மாநிலத்தோட தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டு. அப்புறம் 2005ல இருந்து தான் வாஷிங்டன் செனட். இந்தப் பக்கத்துல செனட்டர்னு சொன்னா மாநில செனட்டரைத் தான் சொல்றேன், நம்ம எம்எல்ஏ மாதிரி வேலை.

இல்லினாய்ஸ்ல ரெண்டு அவை. செனட்ல 59 பேர், ஹவுஸ்ல 118 பேர். ஒவ்வொரு செனட் தொகுதியையும் சரி பாதியா வெட்டினா ரெண்டு ஹவுஸ் தொகுதி, அதனால கணக்கு ரொம்ப சுலபம், 13வது செனட் தொகுதிக்குள்ள 25, 26 ரெண்டு ஹவுஸ் தொகுதி அடங்கும். முன்னாடி இப்படி இல்ல. 1870ல இருந்து ஒரே தொகுதிக்கு மூணு ஹவுஸ் உறுப்பினர், ஓட்டு போடறவருக்கு மூணு ஓட்டு, மூணையும் ஒரே ஆளுக்கே போட்டாலும் செல்லும். அதனால ஒரு கட்சி கோட்டையா இருக்கற ஊர்ல கூட எதிர்க்கட்சிக்கு ஒரு இடமாவது கெடைச்சிடும். 1980ல மக்கள் ஓட்டு போட்டு அதை எடுத்துட்டாங்க, 177 பேர் இருந்த ஹவுஸ் 118 ஆச்சு. செலவு மிச்சம்னு சொன்னாங்க. என்னைக் கேட்டா அந்த பழைய முறை போனது பெரிய இழப்பு, ஏன்னு கீழ படிச்சா புரியும்.

ஒரு தொகுதில எத்தனை பேர்?

2020 சென்சஸ் படி மாநிலத்துல மொத்தம் 1,28,12,508 பேர். 59ஆல வகுத்தா ஒரு செனட் தொகுதிக்கு ஏறக்குறைய 2,17,000 பேர். 1964ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு, மாநில சட்டசபை தொகுதிகள் மக்கள்தொகை கணக்குல ஏறக்குறைய சமமா இருக்கணும்னு. அதனால 10 வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ் வந்ததும் எல்லையை மாத்தி வரையறாங்க. நம்பர் அப்படியே இருக்கும், தெரு மாறிடும்.

பதவிக்காலம் எவ்ளோ?

எப்பவும் 4 வருஷம்னு நெனச்சா தப்பு. 10 வருஷத்தை 2, 4, 4ன்னு பிரிப்பாங்க, வேற தொகுதிக்கு 4, 2, 4, இன்னொன்னுக்கு 4, 4, 2. எல்லை மாறுற வருஷம் எல்லாரும் ஒண்ணா நிக்கணும்கறதுக்காக இந்த ஏற்பாடு. ஒபாமாவுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்த ஆலிஸ் பாமர் 1992ல ஜெயிச்சது 4 வருஷ காலத்துக்கு, ஒபாமா 1996ல ஜெயிச்சது 2 வருஷத்துக்கு, 1998ல மறுபடி 4.

சரி, 1967ல இருந்து யார் யார் இருந்திருக்காங்க?

ரிச்சர்ட் நியூஹவுஸ் 1967ல இருந்து 1991 வரை. ஆலிஸ் பாமர் 1991ல இருந்து 1997 ஜனவரி வரை. பராக் ஒபாமா 1997ல இருந்து 2004 நவம்பர் வரை. குவாமே ராவுல் 2004 நவம்பர்ல இருந்து 2019 ஜனவரி வரை. அவருக்கு அப்புறம் ராபர்ட் பீட்டர்ஸ். அஞ்சு பேருமே டெமாக்ரட், அஞ்சு பேருமே கறுப்பின தலைவர்கள்.

இந்த வரிசையை கொஞ்சம் உத்துப் பாருங்க. 1991ல நியூஹவுஸ் நடுவுல விலகினாரு, பாமர் நியமனத்துல வந்தாங்க. ராவுல் நியமனம். பீட்டர்ஸ் நியமனம். ஒபாமா மட்டும் தேர்தல் வழியா வந்தாரு, ஆனா அவர் கட்சிக்குள்ள நடந்த பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு ஓட்டு போட்டு முடிவு பண்ற முன்தேர்தல்ல, எதிர்ல ஆளே இல்ல. டெமாக்ரட் பிரைமரில ஜெயிச்சா நவம்பர்ல ஜெயிச்ச மாதிரி தான்கற தொகுதி இது. அதாவது 1991க்கு அப்புறம் இந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட முதல் தடவை உள்ள வரும்போது மக்கள் முன்னாடி ரெண்டு மூணு பேரோட கட்சிக்குள்ள நிஜமா மோதி வரல. இதை நான் முதல்ல கவனிச்சப்போ நம்பவே முடியல, திரும்ப திரும்ப வருஷத்தை வெச்சு சரி பாத்தேன்.

நியூஹவுஸ் யாரு? அவரைப் பத்தி யாரும் பேசறதே இல்லையே?

பேசணும். வக்கீல், 1966ல ஜெயிச்சு வந்தாரு, 24 வருஷம் இருந்தாரு. அப்போ சிகாகோன்னா மேயர் ரிச்சர்ட் டேலி தான், டெமாக்ரட் கட்சியோட வார்டு அமைப்பு முழுக்க அவர் கைல, அவர் சொன்னா தான் வேட்பாளர். நியூஹவுஸ் அதுக்கு அடங்காத ஆளு. 1975ல டேலியையே எதிர்த்து மேயர் பிரைமரில நின்னாரு. தோத்தாரு, அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா ஒரு கறுப்பினத்தவர் சிகாகோ மேயர் பதவிக்கு நிக்கலாம்னு காட்டினாரே, அதுக்கு 8 வருஷம் கழிச்சு 1983ல ஹரால்ட் வாஷிங்டன் ஜெயிச்சு முதல் கறுப்பின மேயர் ஆனாரு. நாடு முழுக்க இருக்கற கறுப்பின சட்டமன்ற உறுப்பினர்களை சேர்த்து ஒரு அமைப்பு ஆரம்பிச்சதுலயும் இவருக்கு பெரிய பங்கு. கட்சி மேலிடத்துக்கு தலையாட்டாம இருக்கறதுன்னு இந்த சீட்டுக்கு ஒரு பேர் வந்துச்சுன்னா அது இவரால தான்.

1996ல ஒபாமா எப்படி உள்ள வந்தாரு? ஏதோ கையெழுத்து பிரச்சனைன்னு சொல்றாங்களே?

இது கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிங்க.

1995ல ஆலிஸ் பாமர் அம்மா வாஷிங்டன் போகணும்னு முடிவு பண்ணாங்க. அந்தப் பக்கத்து காங்கிரஸ் (வாஷிங்டன்ல இருக்கற, நம்ம பார்லிமென்ட் மாதிரி அவை) உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் வழக்குல சிக்கி ராஜினாமா பண்ணதால இடைத்தேர்தல். அவங்க காங்கிரஸுக்கு போறாங்கன்னா மாநில செனட் சீட்டு காலி, அதுக்கு ஒபாமாவை அவங்களே முன்னாடி நிறுத்தினாங்க. 1995 செப்டம்பர்ல ஹைட் பார்க் ஏரிக்கரை ஹோட்டல் ஒண்ணுல ஒபாமா வேட்பாளரா அறிவிச்சப்போ அவரை அறிமுகப்படுத்தினதே பாமர் தான்.

நவம்பர் கடைசில அந்த காங்கிரஸ் பிரைமரி நடந்துச்சு, ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயிச்சாரு, பாமர் மூணாவது. உடனே அவங்க ஆதரவாளர்கள் ஒபாமா கிட்ட போய், தம்பி நீங்க விலகிக்கோங்க, அவங்க அனுபவசாலி, பழைய சீட்லயே இருக்கட்டும்னு கேட்டாங்க. ஒபாமா முடியாதுன்னுட்டாரு. நான் உங்க வார்த்தையை நம்பி ஆள் சேர்த்து காசு திரட்டி வேலை ஆரம்பிச்சாச்சு, இப்போ எப்படி விலகறதுங்கறது அவர் பக்கம். பாமர் அதுக்கு மேல அவசர அவசரமா கையெழுத்து திரட்டி டிசம்பர் 18ம் தேதி மனு போட்டாங்க.

இங்க ஒரு விஷயம் தெரியணும். இல்லினாய்ஸ்ல டெபாசிட் காசு கட்டி நிக்க முடியாது, அந்த தொகுதி வாக்காளர்கள் கிட்ட கையெழுத்து வாங்கணும். அந்த தடவை தேவைப்பட்டது 757 செல்லுபடியாகற கையெழுத்து. பாமர் கொடுத்தது 1,580. பாத்தா ரெண்டு மடங்கு. ஒபாமா ஆளுங்க தேர்தல் ஆபீஸ்ல உக்காந்து ஒவ்வொரு கையெழுத்தா பட்டியலோட ஒப்பிட்டு பாத்தாங்க, இந்த ஆளு தொகுதிக்கு வெளிய இருக்காரு, இந்த பேர் வாக்காளர் பட்டியல்ல இல்ல, இது கையெழுத்து இல்ல அச்செழுத்துல எழுதினதுன்னு ஒண்ணொண்ணா அடிச்சாங்க. அப்போ தான் சிகாகோல வாக்காளர் பட்டியல்ல இருந்து ஏகப்பட்ட பேரை நீக்கியிருந்தாங்க, அதனால பழைய பட்டியலை வெச்சு வாங்கின கையெழுத்து நிறைய போயிடுச்சு. பாமர் மட்டுமில்ல, மத்த மூணு வேட்பாளர் மேலயும் இதே மாதிரி ஆட்சேபம், அதுல ஒருத்தருக்கு 69 கையெழுத்து தான் குறைஞ்சுது. கடைசில நாலு பேரும் காலி, மார்ச் பிரைமரி ஓட்டுச்சீட்டுல ஒபாமா பேர் மட்டும். நவம்பர்ல ரிபப்ளிகன் ஒருத்தரும் ஹரால்ட் வாஷிங்டன் பேர்ல இருந்த சின்ன கட்சி சார்பா ஒருத்தரும் நின்னாங்க, ஒபாமா 82 சதவீதம் வாங்கினாரு.

அது நியாயமா?

சட்டப்படி முழுக்க சரி. பாமர் பக்கமும் சுத்தமா இல்ல, பாதிக்கும் மேல செல்லாத கையெழுத்தை கொடுத்துட்டு விதி தப்புன்னு சொல்ல முடியாது. அவங்க வாக்கு மாறினதும் உண்மை. ஆனா 2 லட்சம் பேர் இருக்கற தொகுதில அஞ்சு பேர் நிக்க வந்து, நாலு பேரை அச்செழுத்தா கையெழுத்தான்னு பாத்து வெளிய அனுப்பிட்டா மக்களுக்கு என்ன மிச்சம்? வாக்காளர் உரிமைக்காக 1992ல சிகாகோல ஊர் ஊரா ஆள் பதிவு பண்ண வேலையை தலைமை தாங்கி நடத்தின மனுஷன் ஒபாமா. அவர் தொடக்கமே இப்படி அமைஞ்சது எனக்கு வருத்தம் தான், அவர் மேல எவ்ளோ மரியாதை இருந்தாலும்.

ஓட்டெடுப்புல அவர் 'பிரசண்ட்'னு சொல்லி தப்பிச்சுட்டாருன்னு குற்றச்சாட்டு இருக்கே?

8 வருஷத்துல ஏறக்குறைய 4,000 ஓட்டெடுப்பு, அதுல 130 தடவை போல ஆமாவும் சொல்லாம இல்லையும் சொல்லாம பிரசண்ட்னு போட்டிருக்காரு. இல்லினாய்ஸ்ல ஒரு மசோதா பாஸ் ஆகணும்னா வந்தவங்கள்ல பாதி பத்தாது, மொத்த 59 பேர்ல 30 ஆமா வேணும். அதனால பிரசண்ட் போட்டாலும் பலன் என்னவோ எதிர்ப்பு ஓட்டு மாதிரியே தான். அங்க கட்சியா சேர்ந்து இப்படி போடறதும் வழக்கம். இதை பெருசா பேச ஒண்ணும் இல்ல.

2001ல தொகுதியோட எல்லை மாறினப்போ என்னாச்சு?

இது ரொம்ப முக்கியம். 1990கள்ல 13வது தொகுதி ஹைட் பார்க்ல இருந்து தெக்க சவுத் ஷோர், அப்புறம் மேற்கால உள்ளூர் பக்கம் ஏழை குடும்பங்க நிறைய இருக்கற தெருக்கள் வரைக்கும் நீண்டு கெடந்துச்சு. 2000ல ஒபாமா காங்கிரஸ் உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து பிரைமரில நின்னு ரெண்டுக்கு ஒண்ணுங்கற கணக்குல மோசமா தோத்தாரு. அடுத்த வருஷம் சென்சஸ் முடிஞ்சு எல்லை வரையற வேலை வந்துச்சு.

யார் வரையறது? அங்க தனி டீலிமிட்டேஷன் கமிஷன்லாம் கெடையாது, சட்டசபையே வரையும். ரெண்டு கட்சியும் ஒத்துக்கலன்னா 8 பேர் கமிட்டி, ரெண்டு பக்கமும் நாலு நாலு பேர். அதுலயும் முடியலன்னா ரெண்டு கட்சில இருந்தும் ஒரு பேரை எழுதி குலுக்கி எடுப்பாங்க, எந்த கட்சி ஆள் வர்றாரோ அந்த கட்சி சொல்ற மேப் தான் 10 வருஷத்துக்கு. நிஜமாவே குலுக்கல் தாங்க. 1981ல டெமாக்ரட், 1991ல ரிபப்ளிகன், 2001ல மறுபடி டெமாக்ரட். லிங்கன் போட்ட மாதிரி உயரமான தொப்பி ஒண்ணுல இருந்து 2001ல பேரை எடுத்தாங்க. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல இருக்கற ஜனத்தோட பிரதிநிதித்துவம் ஒரு துண்டு சீட்டுல போயிடுது.

அந்த வருஷம் ஒபாமாவே கட்சியோட மேப் ஆலோசகர் கூட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தன் தொகுதிக்கு கோடு போட்டாரு. புது 13வது தொகுதி மேற்கால இருந்த பகுதியை விட்டுட்டு ஏரிக்கரை ஓரமாவே வடக்க ஏறி நகரத்தோட மையம், பணக்கார அடுக்குமாடி வீடுங்க இருக்கற பக்கம் வரைக்கும் போச்சு. அங்க இருக்கறவங்க தேர்தலுக்கு நன்கொடை கொடுக்கற சக்தி உள்ளவங்க, 2004ல அவர் வாஷிங்டன் செனட்டுக்கு நின்னப்போ அந்த தொடர்பு உதவிச்சு. அதோட அந்த மேப்பால 2002 தேர்தல்ல டெமாக்ரட் கட்சி செனட்ல பெரும்பான்மை ஆச்சு, 2003ல எமில் ஜோன்ஸ் அவைத்தலைவர், அதுவரைக்கும் எதிர்க்கட்சி வரிசைல உக்காந்து மசோதா எதுவும் நகராம இருந்த ஒபாமா திடீர்னு வேலை செய்யற இடத்துக்கு வந்துட்டாரு. அந்த மேற்கு பக்கத்து ஜனங்க? அவங்க வேற தொகுதிக்கு போயிட்டாங்க, யாரும் அவங்களை கேக்கல.

நடுவுல சீட் காலியானா இடைத்தேர்தல் வைக்க மாட்டாங்களா?

உடனே வைக்க மாட்டாங்க. 30 நாளுக்குள்ள அந்த கட்சியோட உள்ளூர் வார்டு கமிட்டி ஆளுங்க கூடி ஒருத்தரை நியமிப்பாங்க, அதே கட்சி ஆளா இருக்கணும். மீதி காலம் 28 மாசத்துக்கு மேல இருந்தா அடுத்த பொதுத்தேர்தல்ல அந்த சீட்டுக்கும் ஓட்டு, கம்மியா இருந்தா நியமனம் ஆனவர் முழுசா முடிக்கலாம். ஒபாமா 2004 நவம்பர்ல விலகினப்போ 26 மாசம் மிச்சம், அதனால ராவுல் 2006 வரைக்கும் தேர்தலே சந்திக்கல. ராவுல் 2018ல மாநில அட்டர்னி ஜெனரலா ஜெயிச்சு போனப்போ 2019 ஜனவரில பீட்டர்ஸ் வந்தாரு, அவரும் 2020ல தான் மக்கள் முன்னாடி நின்னாரு. ஒரு தடவை பதவில உக்காந்துட்டா அடுத்து நிக்கும்போது அவங்க பேருக்கு முன்னாடியே ஒரு பலம் வந்துடுது, புதுசா வர்ற ஆளு எப்படி மோதறது?

அப்போ இந்த சீட்ல இருந்தவங்க ஒண்ணும் பண்ணலன்னு சொல்றீங்களா?

அய்யய்யோ, அப்படி சொல்லவே இல்ல. வந்த வழி பத்தி தான் எனக்கு ஆதங்கம், செஞ்ச வேலை பத்தி இல்ல. ஒபாமா, ராவுல், பீட்டர்ஸ் மூணு பேர் வேலையையும் வரிசையா வெச்சு பாத்தா ஒரே நூல் ஓடறது தெரியும்.

சிகாகோ தெற்கு பக்கத்துல ஜான் பர்ஜ்னு ஒரு போலீஸ் அதிகாரி, அவரும் அவர் ஆளுங்களும் 1970கள்ல இருந்து கறுப்பின கைதிகளை சித்திரவதை பண்ணி வாக்குமூலம் வாங்கினாங்க. அவரை 1993ல வேலைய விட்டு நீக்கினாங்க, 2010ல பொய் சாட்சி வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பு. அப்படி வாங்கின வாக்குமூலத்தால மரண தண்டனை வரைக்கும் போனவங்க இருக்காங்க. 1977ல மரண தண்டனை திரும்ப வந்த பிறகு இல்லினாய்ஸ்ல நிறைவேத்தினது 12, குற்றமில்லன்னு வெளிய வந்தது 13. இந்த கணக்கை பாத்து தான் ரிபப்ளிகன் கவர்னர் ஜார்ஜ் ரையன் 2000ல நிறுத்தி வெச்சாரு, 2003 ஜனவரில 160க்கும் மேற்பட்டவங்க தண்டனையை குறைச்சாரு.

அதே 2003ல ஒபாமா கொண்டு வந்தது தான் கொலை வழக்கு விசாரணையை போலீஸ் கட்டாயம் பதிவு பண்ணணும்கற சட்டம். போலீஸும் எதிர்ப்பு, அரசு வக்கீலுங்களும் எதிர்ப்பு, அவர் ஒவ்வொருத்தர் கூடவும் உக்காந்து பேசிப் பேசி செனட்ல ஒரு எதிர்ப்பு ஓட்டு கூட இல்லாம பாஸ் பண்ணாரு. சட்டம் போட்டு இதை கட்டாயமாக்கின முதல் மாநிலம் இல்லினாய்ஸ். அவர் மாநில செனட்ல செஞ்சதுல எனக்கு இதைவிட பெருசா எதுவும் தெரியல.

அடுத்து ராவுல், ஹெய்ட்டில இருந்து வந்த குடும்பம், சிகாகோல பொறந்தவர். மரண தண்டனையையே ஒழிக்கற மசோதாவை செனட்ல நடத்தினது அவர். 2011 மார்ச் 9ம் தேதி கவர்னர் பாட் க்வின் கையெழுத்து போட்டாரு, அப்போ மரண தண்டனை வரிசைல இருந்த 15 பேருக்கும் ஆயுள் தண்டனையா மாறுச்சு.

அதுக்கு அப்புறம் பீட்டர்ஸ், போராட்ட களத்துல இருந்து வந்த ஆளு. காசு கட்டினா தான் பெயில்கற முறையை ஒழிக்கறதுக்கு முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர். 2021ல சட்டம், மாநில சுப்ரீம் கோர்ட் 2023 ஜூலைல 5க்கு 2ன்னு செல்லும்னு சொல்லுச்சு, செப்டம்பர் 18ல இருந்து அமலுக்கு வந்துச்சு. காசு பெயிலை முழுசா எடுத்த முதல் மாநிலமும் இல்லினாய்ஸ் தான். காசு இல்லாத ஒரே காரணத்துக்காக வழக்கு முடியறதுக்குள்ள மாசக்கணக்குல உள்ள கெடந்தவங்க குடும்பம் எத்தனை.

முதல்ல வாக்குமூலம், அப்புறம் மரண தண்டனை, அப்புறம் ஜாமீன். ஆள் மாறினாலும் தொகுதி மக்களோட வலி மாறல, அதை மூணு பேரும் தூக்கிட்டு போனாங்க.

ஹவுஸ் பக்கம் யாராவது முக்கியமானவங்க?

பார்பரா ஃப்ளின் கரி. ஹைட் பார்க் பக்கத்துக்கு 1979ல இருந்து 2019 வரை 40 வருஷம், 1997ல ஹவுஸ் மெஜாரிட்டி லீடர் ஆனாங்க, அந்த மாநிலத்துல அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மேல சொன்ன பழைய மூணு உறுப்பினர் முறைல உள்ள வந்தவங்க தான் இவங்களும்.

இப்போ யாராவது இந்த சீட்டுக்கு நிக்கணும்னா என்ன பண்ணணும்?

பெரிய கட்சி பிரைமரிக்கு மாநில செனட்னா குறைஞ்சது 1,000 கையெழுத்து, 3,000க்கு மேல கொடுக்கக் கூடாது. ஹவுஸுக்கு 500. 1,000 வேணும்னா 1,100 வாங்கிட்டு போயிடாதீங்க, யாராவது ஆட்சேபம் போட்டா பாதி போயிடும், ரெண்டு மடங்குக்கும் மேல வாங்கி, கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே வாக்காளர் பட்டியலோட ஒவ்வொரு பேரையும் முகவரியையும் சரி பாத்துடுங்க. தெருவுல நின்னு வாங்கறதை விட வீடு வீடா போய் கதவைத் தட்டி வாங்குங்க, அந்த வீடு தொகுதிக்குள்ள தான் இருக்குன்னாவது தெரியும். பிரைமரி மார்ச்ல, அதனால முந்தின வருஷம் குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேலையை தொடங்கணும்.

கையெழுத்து போடறவங்களுக்கும் ஒண்ணு, அச்செழுத்துல எழுதாம உங்க கையெழுத்தை போடுங்க, வீடு மாறியிருந்தா முதல்ல புது முகவரில வாக்காளரா பதிவு பண்ணிக்கோங்க.